மாடியில் மாப்பிள்ளை பார்த்தது

மூன்றாவது கிளாஸ் காலியான பிறகும் விஜய்ஆனந்தின் நாக்கு குழறவில்லை. ராஜகுருவுக்கு அது பிடித்திருந்தது. தங்கையைக் கட்டிக்கொடுப்பதற்கு முன் ஒருவனைக் குடிக்க வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். போதையில் வெளியே வராத குணம் அப்புறம் எப்போதும் வராது.

காளவாசலில் அவர் வீட்டு மொட்டை மாடி. ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் மூன்று பேர்: அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ராஜகுரு, லேப் பார்க்கும் துளசிராம், போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த விஜய்ஆனந்த். துளசிராமைக் கம்பெனி ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அவர் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டு வந்தார். பார்லியை முளைகட்டி அவரே காய்ச்சியது, தண்ணீர் கேனில் நடுவில் உட்கார்ந்திருந்தது.

"எப்படி இருக்கு மாப்ள? உண்மையச் சொல்லு," என்றார் துளசிராம்.

"கசக்குதுண்ணே. ஆனா நல்லா இருக்கு."

"கேட்டுக்கங்க சார். நாக்குன்னா இது நாக்கு. நீங்க மொத மடக்குலயே கழனித்தண்ணின்னீங்க."

"இப்பவும் அதான்யா சொல்றேன்," என்று ராஜகுரு கிளாஸை நீட்டினார். "ஊத்து."

தங்கை தேவிகாவும் ராஜகுருவின் மனைவியும் சிம்மக்கல்லில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். தேவிகாவுக்கு இவனைப் பிடித்துவிட்டது. அவருக்கும்தான். இடித்தது ஒன்றே ஒன்று. அப்பா அம்மா இல்லை, ஹாஸ்டலில் வளர்ந்தேன், சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது, நானும் உங்கள் ஆள்தான் என்றெல்லாம் அவன்தான் சொன்னான். ஆமாம் என்று சொல்ல வேறு ஒரு வாய் இல்லை.

விஜய்ஆனந்தின் செல்போன் மறுபடி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அமர்த்தினான். பெரியவர்கள் முன்னால் போன் பேச மாட்டான் போலிருக்கிறது என்று ராஜகுரு அதையும் அவன் பக்கம் வரவு வைத்தார்.

படியேறி வந்த ஆள் கடைசிப் படியைத் தாண்டவில்லை. நாற்பது வயது இருக்கும். செருப்பைக் கீழேயே விட்டிருந்தான். துண்டு கக்கத்தில் இருந்தது.

"மேன்சன்ல கேட்டேன். இங்க இருக்கதாச் சொன்னாங்க." குறிப்பாக யாரையும் கூப்பிட்டு அவன் பேசவில்லை. "மலையம்மா செத்துப்போச்சு. சாயங்காலம்."

விஜய்ஆனந்த் கையிலிருந்த கிளாஸில் நுரை முழுவதும் உடைந்து அடங்கும் வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு மாப்ள?" என்றார் துளசிராம்.

"தோப்புல களை எடுத்த கிழவிண்ணே. இவன் கருப்பு. கேதம் சொல்ல வந்திருக்கான்." பிறகு படிப்பக்கம் திரும்பினான். "சொல்லிட்டேல்ல? கெளம்பு."

"காலையில எடுக்கணும். வரணும்ல?"

"தோப்புல சாகுற ஆளுக்கெல்லாம் நான் ஓடியாந்தா ஆபீஸை யாரு பார்க்குறது?"

துளசிராம் சிரித்தார். கருப்பு நகரவில்லை.

"கொஞ்சம் தண்ணி," என்றான்.

துளசிராம் ஒரு கிளாஸில் தண்ணீரை ஊற்றி நீட்டப்போனார். விஜய்ஆனந்த் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கிளாஸ் வேணாண்ணே. அப்புறம் அதுல நம்ம எப்படிக் குடிக்கிறது."

ஜக்கை எடுத்துக்கொண்டு படியருகே போனான். கருப்பு குனிந்து கைகளைக் குவித்தான். ஒரு முழ உயரத்திலிருந்து, தன் மேல் ஒரு சொட்டுகூடத் தெறிக்காமல், விஜய்ஆனந்த் ஊற்றினான். கருப்பு தண்ணீரைப் பார்க்கவில்லை. ஊற்றுகிறவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதிக்கு மேல் விரலிடுக்கில் வழிந்து படியில் ஓடியது.

ராஜகுருவுக்குள் இடித்துக்கொண்டிருந்தது அந்த நிமிஷத்தில் விலகியது. இந்தப் பழக்கம் படித்து வருவதில்லை. வீட்டில் பெரியவர்கள் ஊற்றுவதைப் பார்த்துப் பார்த்து வருவது. இனி வேறு ஒரு வாய் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையே தட்டு மாற்றிவிடலாம்.

"துளசி, நம்ம வீட்டு மாப்பிள்ளைக்கு இன்னொரு கிளாஸ் ஊத்துய்யா."

துளசிராம் எழுந்து விஜய்ஆனந்தைக் கட்டிக்கொண்டார். கருப்பு இறங்கிப்போனான்.

கேட்டைப் பூட்டும் சாக்கில் ராஜகுருவும் பின்னாலேயே இறங்கினார். சம்பந்தம் செய்யப்போகிற வீட்டைப் பற்றி அங்கே வேலை செய்கிறவனிடம் இரண்டு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லதுதானே.

"உங்க தோப்புக்காரங்க எல்லாம் நல்ல மாதிரிதானப்பா?"

கருப்பு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். எழவு வீட்டு ஆளிடம் எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்டது தப்பு என்று ராஜகுருவுக்குப் பட்டது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"செத்தது உனக்குச் சொந்தமா?"

"அம்மா."

"அடப்பாவமே. மேலயே சொல்லியிருக்கலாம்ல. கூடப்பெறந்தவங்க இருக்காங்களா?"

"தம்பி ஒருத்தன்."

"அப்ப அம்மாவுக்குக் கடைசிப் புள்ள அவன்தானப்பா கொள்ளி வைக்கணும். எங்க இருக்கான், தகவல் போயிருச்சா?"

மாடியில் துளசிராம் ஏதோ சொல்ல, விஜய்ஆனந்த் சிரிப்பது கீழே வரை கேட்டது. கருப்பு ஈரக்கையைத் துண்டில் மெதுவாகத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தான்.

"மேல பீர் குடிச்சுக்கிட்டிருக்கான் சார்."