பின்னால் ஊற்றும் தண்ணீர்

வீட்டில் அப்போது இருந்தவர்கள்: சுஹாத், அவள் கணவன் கஸ்ஸான், மாமியார் பத்ரியா, சாமான் வண்டி ஓட்டும் ஜப்பார், ஜப்பாரின் இருமல். நாத்தனார் நஹ்லா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போய்விட்டாள். அதுவும் நல்லதுதான். அழுவதற்கு ஓர் ஆள் குறைவு.

கம்பளங்களைச் சுருட்டிக் கயிறு போட்டாயிற்று. மெத்தைகள் வண்டியேறிவிட்டன. கட்டிலையும் அலமாரியையும் ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சுஹாத் விட்டுவிட்டாள். காலையிலிருந்து அவள் கட்டியதெல்லாம் பாத்திரங்கள்.

தேநீர்க் கோப்பைகள், ஜக்கு, குண்டான், வாளி, இருமல் மருந்து அளக்கும் மூடிகூட. தன்னுடையது, மாமியாருடையது என்று பார்க்கவில்லை. தண்ணீர் நிற்கக்கூடிய எதுவும் இந்த வீட்டில் மிஞ்சக்கூடாது.

போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் தண்ணீர் ஊற்றினால் அவர் திரும்பி வந்தே தீருவார். பாக்தாதில் பிரியமானவர்களை அப்படித்தான் வழியனுப்புவார்கள்.

நான்கு வருடம் முன்பு தனிக்குடித்தனம் கிளம்பியபோது பத்ரியா குண்டான் நிறைய ஊற்றினாள். ஆறே மாதத்தில், தன் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொல்லி வீட்டுச் சொந்தக்காரன் கிளப்பிவிட்டான். அதே மெத்தைகளோடு அதே படியேறியபோது பத்ரியா கேட்டாள்: "வந்துட்டியா கண்ணு? வெங்காயம் நறுக்கு."

இந்த முறை திஜ்லா ஆற்றுக்கு அக்கரையில் இரண்டு அறை. சொந்த அடுப்பு. வெங்காயம் நறுக்கலாம், நறுக்காமலும் இருக்கலாம். கேட்க ஆளில்லை.

"சுஹாத்! கக்கூஸ் செம்பு எங்கடி?" உள்ளேயிருந்து கஸ்ஸான் கத்தினான்.

"கட்டியாச்சு!"

"அதையுமா? இப்ப நான் என்ன பண்றது?"

"போறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்!"

ஜப்பார் சிரிக்கப் போய் இருமினான். நிறுத்த வெகுநேரம் ஆனது.

பத்ரியா உள்ளங்கையில் மாத்திரையோடு சமையலறைக்கு வந்தாள். "ஒரு டம்ளர் குடும்மா."

"எல்லாம் பெட்டிக்குள்ள போயிடுச்சு அத்தை."

"என் டம்ளருமா?"

"அவசரத்துல கலந்துடுச்சு. நாளைக்கே கொடுத்து விடறேன்."

பத்ரியா காலி அலமாரியைப் பார்த்தாள். பாத்திரம் கவிழ்க்கும் தட்டு கழுவித் துடைத்துக் கிடந்தது. பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம்.

குழாயைத் திறந்து, கையிலேயே தண்ணீர் பிடித்து மாத்திரையை விழுங்கினாள். கறுப்பு அபாயா அங்கியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

சுஹாத் வாசலுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுப் பாத்திரங்களை யார் கட்டுவது?

"ஜப்பார் அண்ணே, வண்டிய எடுங்க!"

"ஃபிரிட்ஜ் இன்னும் வாசல்லயே நிக்குதே தங்கச்சி."

"ஏத்துங்க! அது தானா ஏறுமா?"

கஸ்ஸானை எந்த நிலையில் வெளியே வரவழைத்தார்கள் என்பது வேண்டாம். இரண்டு பேருமாக ஃபிரிட்ஜைத் தூக்கி ஏற்றினார்கள். சுஹாத் முன் இருக்கையில் ஏறிக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். தண்ணீரைக் கண்ணாடியால் தடுக்க முடியாது என்று தெரிந்தும் ஏற்றினாள்.

அப்போதுதான் பத்ரியா பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டி வந்தாள். அபாயாவுக்குள் வயிறு புடைத்திருந்தது. அவள் வயதில் அது பிள்ளையாக இருக்க முடியாது.

"போலாம் அண்ணே, போலாம்!"

வண்டி நகர்ந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பத்ரியா நடுத்தெருவில் வந்து நின்றாள். கைகள் அபாயாவுக்குள்ளிருந்து வெளியே வந்தன.

குண்டான் இல்லை. மண்ணால் செய்த ஊறுகாய் ஜாடி. காலி.

அதைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கித் தரையில் அடித்தாள்.

சில்லுகள் சக்கரம் வரை தெறித்தன. ஜப்பார் பிரேக்கை மிதித்தான். இருமக்கூட மறந்துபோனான். சாமான்களோடு பின்னால் ஏறியிருந்த கஸ்ஸான் பாய்ந்து இறங்கினான்.

"என்னம்மா இது! இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு நினைக்கிற விருந்தாளி போனாத்தானே ஜாடி உடைப்பாங்க? நான் உன் மகன்மா!"

"உனக்கு இல்லடா. நீ வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வா." பத்ரியாவின் கண் முன் இருக்கையிலேயே இருந்தது.

சுஹாத் கண்ணாடியை இறக்கினாள்.

"இந்த வீட்டை விட்டு நான் மூணு தடவை மூட்டை கட்டிக் கிளம்பினேன்" என்றாள் பத்ரியா. "மூணு தடவையும் எங்க மாமியார் தண்ணி ஊத்தினா. போன தடவை நானும் பழக்கத்துல ஊத்தித் தொலைச்சேன்."

"அத்தை…"

"என்னை ஏன் பாக்கறே? போடி."

அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சில்லுகளைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு மூடிக்கொண்டது. சாவி இரண்டு சுற்று சுற்றியது. அதற்குப் பிறகு தாழ்ப்பாளும் விழுந்தது.