பத்து சதவீதம்

கம்ப்யூட்டர் ஆமையாய் ஊர்கிறதென்று அருமைநாயகம் காலையிலேயே டிஃப்ராக் போட்டிருந்தான். ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதையெல்லாம் அது திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக அடுக்கிக்கொண்டு வரும். பத்து சதவீதத்தைத் தொட்டதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நான்காம் முறையும் அப்படியே ஆனதும் மனைவி பக்கம் திரும்பினான்.

“நீதான் எதையோ நோண்டுத.”

“மௌசு உங்க கையிலதான இருக்கு?” என்றாள் ஜெபா.

“கடைக்குப் போயிட்டு வாரேன். அதுக்குள்ள இதுகிட்ட வந்தன்னா கைய ஒடிச்சிருவேன், பாத்துக்க.”

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் ஜெபா போய் உட்கார்ந்தாள். யாரும் தொடாதபோதும் டிஸ்க்கில் ஏதோ ஒன்று எழுதிக்கொண்டே இருந்தால்தான் இப்படி ஆகும். ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலில் அவள் அறியாத பெயர் ஒன்று இருந்தது. அதன் ஃபோல்டரைத் திறந்தாள். நிமிடத்துக்கு ஒன்றாக, இதே திரையைப் பிடித்து வைத்த படங்கள். அவள் அக்காவுக்கு எழுதிய மெயில்கள், வேலைக்குப் போட்ட விண்ணப்பம், எழுதி எழுதி அழித்த வரிகள். கடைசியில் இன்றைய கட்டங்கள். முதல் படத்தின் தேதி, அவன் இந்தக் கம்ப்யூட்டரை அவளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த நாள்.

அவள் எதையும் அழிக்கவில்லை. நோட்பேடைத் திறந்து, எழுத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி, ‘கைய ஒடிக்க வாங்க’ என்று தட்டினாள். தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. அந்த வரி படமாகி ஃபோல்டரில் விழும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.