இடது கன்னத்தில் ஒரு மச்சம்

"முழங்கைக்கு என்ன?"

"எல்போ."

"கணுக்காலுக்கு?"

டெரன்ஸ் குனிந்து தன் கணுக்காலையே உற்றுப் பார்த்தான். அது ஒன்றும் சொல்லித் தரவில்லை. "ஏளா, மீன்ல கேளு. செவுளு, செட்டை, வாலுன்னு கடகடன்னு சொல்லுதேன்."

"வேலை மீனுக்கா குடுக்காங்க? ஆங்க்கிள். எங்க, சொல்லுங்க பாப்போம்."

ஷீஜா எல்.கே.ஜி. டீச்சர். பள்ளிக்கூடத்துப் படம் ஒன்றைச் சுவரில் மாட்டி, ஸ்கேலால் தட்டித் தட்டிப் புருஷனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். படத்தில் குண்டாக ஒரு வெள்ளைக்காரப் பையன் கையையும் காலையும் விரித்துச் சிரித்தான்.

பத்தரைக்கு இன்டர்வியூ. துறைமுகத்துக்குள் கப்பல்களை இழுத்து வரும் டக் போட்டில் வேலை. யாருக்காவது அடிபட்டால் எந்த இடத்தில் என்று வயர்லெஸ்ஸில் இங்கிலீஷில் சொல்லத் தெரிய வேண்டுமாம். கிடைத்தால் தினமும் வீட்டுச் சாப்பாடு. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை கொச்சிக்குப் போய் மீன்பிடி போட்டில் ஏற வேண்டியதுதான். மூன்று மாதத்துக்கு ஷீஜாவின் முகத்தைப் போனில்தான் பார்க்க முடியும், அதுவும் சிக்னல் இருந்தால்.

"கன்னம்?"

"சீக்."

"மச்சம்?"

"அது இந்தப் பயலுக்கு இல்லியே."

"ஒங்க டி.சி.ல இருக்கு. கேட்டாலும் கேப்பாங்க." ஷீஜா பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பழைய பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்தாள். "அங்க அடையாளம் ரெண்டு போட்டிருக்கு. எ ஸ்கார் ஆன் த ரைட் நீ. வலது முழங்கால்ல தழும்பு."

"அது இருக்கு. பள்ளிக்கூடத்துல விழாத பய யாரு?"

"எ மோல் ஆன் த லெஃப்ட் சீக். இடது கன்னத்துல மச்சம்."

ஷீஜா அவன் இடது கன்னத்தைப் பார்த்தாள். சந்தேகத்துக்கு வலது கன்னத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க?"

"எனக்கு ஏது மச்சம்?"

"ஒங்க சார் ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் எழுதினாரா?"

"சுந்தர்சிங் சாரா? நாங்க அறுபது பேரு வெயில்ல வரிசையா நின்னோம். பேரக் கேட்டாரு, எழுதினாரு, அடுத்த ஆளுன்னாரு. குனிஞ்ச தல நிமிரல."

"இத்தன வருசமா இத வாசிக்கவே இல்லியா?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சி. ஏதோ நல்லதாத்தான் எழுதியிருப்பாருன்னு நெனச்சேன்."

ஷீஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"அடையாளம் சேரலன்னு போன மாசம் வேம்பார்க்காரன் ஒருத்தனத் திருப்பி அனுப்பிட்டாங்களாம்" என்றான்.

சுவரில் இருந்த பையன் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு ஷீஜா உள்ளே போய்ப் புருவத்துக்குத் தீட்டும் பென்சிலோடு வந்தாள்.

"ஆடாம இருங்க."

"பெரிசா வச்சிராத."

"மிளகு அளவுதான். வேர்த்தா ஒத்தி எடுங்க, தேய்ச்சிராதீங்க."

இன்டர்வியூ அறையில் மின்விசிறி இருந்தது, கரண்ட் இல்லை. அதிகாரி நேசக்குமாருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய இடது கன்னத்திலும் மிளகு அளவில் ஒரு மச்சம் இருந்ததை டெரன்ஸ் பொறாமையோடு பார்த்தான். சிலருக்குத்தான் ஆண்டவர் கேளாமலே கொடுக்கிறார்.

அதிகாரி பேனாவால் தன் உடம்பில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் கேட்டார். எல்போ, ஷோல்டர், ரிப்ஸ் என்று டெரன்ஸ் ஒன்றையும் விடவில்லை. மேசைக்கு வெளியே காலை நீட்டிக் கணுக்காலைக் காட்டியபோதும் "ஆங்க்கிள், சார்" என்று கோயிலில் ஆமென் சொல்வதுபோலச் சொன்னான்.

"நல்லாச் சொல்லுதீரே. டி.சி.யக் குடும்."

டெரன்ஸுக்கு நெற்றி வேர்த்தது. வேர்வை மெதுவாகக் கன்னத்தில் இறங்கியது. ஒத்தி எடுக்கக் கையைத் தூக்கவும் பயமாக இருந்தது. வெள்ளைச் சட்டையின் தோளில் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்ததை அவனே பார்த்தான். கொச்சி பஸ் கண்ணுக்குள் வந்து நின்றது.

அதிகாரியும் அந்தச் சொட்டைப் பார்த்தார். அவன் கன்னத்தைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். அதன் அடியில் இருந்த கையெழுத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது.

"சுந்தர்சிங் சார் கிளாஸா?"

"ஆமா, சார்."

அதிகாரி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பல் ஊதி முடித்தது. அதற்குள் டெரன்ஸுக்குக் கற்ற இங்கிலீஷ் முழுவதும் மறந்துபோயிற்று.

கடைசியில் அவர் ஃபைலில் கையெழுத்துப் போட்டு மூடினார்.

"திங்கக்கெழம டூட்டிக்கு வந்துரும்."

"சார்... அந்த மச்சம்..."

"இந்த உப்புக்காத்துக்கு அது நிக்காது, தம்பி. தெனம் மத்தியானம் இன்னொரு தடவ வைக்கணும்."

சொல்லிவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து, தேய்ந்து விரல் நீளமே மிஞ்சியிருந்த ஒரு கறுப்புப் பென்சிலை எடுத்து, கண்ணாடிகூடப் பார்க்காமல் தன் இடது கன்னத்தில் மிகச் சரியாக அதே இடத்தில் ஓர் அழுத்து அழுத்திக்கொண்டார்.