ஈவ்லினின் நோயாளி

"செத்தேன்!" என்றான் ஸ்தனிஸ்லாஸ், கட்டிலில் மல்லாந்தபடி.

ஈவ்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போதுதான் அவன் வாயில் புதினா மிட்டாயைப் போட்டிருந்தாள். அவளுடைய நர்ஸ் பரீட்சைப் பயிற்சியில் மிட்டாய்தான் மாத்திரை, புருஷன்தான் நோயாளி.

"எனக்குப் பென்சிலின் ஆகாது. நீ குடுத்துப்போட்ட. ஆளு காலி."

"எந்த மருந்தாச்சும் ஆகாதான்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டுனீங்களே!"

போர்வைக்குள் ஒளித்திருந்த கையை அவன் வெளியே நீட்டினான். ஆஸ்பத்திரிப் பட்டைக்குப் பதிலாக, காப்பி மூட்டையில் கட்டுகிற அட்டையை அவன் மணிக்கட்டில் கட்டிவிட்டிருந்தாள். அதில் அவளுக்குத் தெரியாமல் 'பென்சிலின் ஆகாது' என்று கொட்டை எழுத்தில் அவனே எழுதியிருந்தான். எஸ்டேட் ரைட்டர் அல்லவா, அட்டை எழுதுவது அவனுக்குக் கைவந்த வேலை.

வாசலில் நின்ற அவன் தங்கை அமலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்கண்ணா, அண்ணி இங்கிலாந்து போய் லைசென்ஸ் பரீட்சை எழுதோணும். தேறலீன்னா திருப்பி அனுப்பிப்போடுவாங்க. வேணும்னே கெடுக்கறீங்களே! பொண்டாட்டி முன்னுக்கு வந்தா பொறுக்காதா?"

அவள் சொன்னதில் பாதி நிஜம். கெடுப்பது வேண்டுமென்றேதான். ஆனால் பொறாமை கிடையாது. ஈவ்லின் திரும்பி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"தாராளமா போயிட்டு வரட்டும்" என்று மாதா கோயில் வாசலில், மாமனார் முன்னால் பெரிய மனுஷனாட்டம் சொன்னதும் அவனேதான். சொன்ன வாயால் எப்படி மாற்றிப் பேசுவது? அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. அதனால் பயிற்சியில் ஒரு நாள் பிறந்த தேதியை மாற்றிச் சொன்னான். ஒரு நாள் நாடி பிடிக்க விடாமல் கையை உதறினான். ஒரு நாள் மயங்கி விழுந்தான்.

"நாளையில இருந்து நான் படுக்கறேன் அண்ணி" என்றாள் அமலி.

"வேண்டாம். அவரே இருக்கட்டும்."

ஈவ்லின் அவன் கை அட்டையை இறுக்கிக் கட்டினாள். அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

கிளம்பும் நாளில் கொட்டச்சேடு ஸ்டாப்பில் அவளைப் பஸ் ஏற்றும்போதும், "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?" என்றுதான் அவனுக்குக் கேட்க வந்தது.

அதற்கப்புறம் வேலை விட்டு வந்ததும் அதே கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டான். நாடி பிடிக்க ஆளில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம் போனில் ஈவ்லினின் முகம் வந்தது. சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள்.

"தேறிட்டேனுங்க! பரீட்சையில நோயாளியா நடிச்ச ஒரு அம்மா, எல்லா மருந்தும் ஒத்துக்கும்னுட்டாங்க. உங்க நெனப்பு வந்துருச்சு. போர்வையை வெலக்கிக் கையைப் பாத்தேன். பட்டையில பென்சிலின் ஆகாதுன்னு போட்டிருக்குது! உங்களாலதானுங்க தேறுனேன்."

அமலி போனுக்குள் தலையை நீட்டினாள். "நான் அப்பவே நெனச்சேன் அண்ணி! எங்கண்ணன் மூளை யாருக்கு வரும்?"

அவன் போனை எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனான். பாராட்டு நெஞ்சைக் குத்தியது.

"ஈவ்லின், உன்னைப் பழக்கோணும்னு நான் அப்படிப் பண்ணலை புள்ள. நீ தோத்துத் திரும்பி வரோணும்னுதான் பண்ணினேன்."

சொல்லிவிட்டு மரத்தில் சாய்ந்துகொண்டான்.

"தெரியுமுங்க" என்றாள்.

"தெரியுமா? அப்புறம் எதுக்கு என்னையே படுக்க வெச்ச? அமலிதான் வர்றேன்னாளே?"

"ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து 'போவாத'ன்னு சொல்லிப்போடுவீங்கன்னு பாத்தேன்."

"சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

"இல்லீங்க. கெளம்பித்தான் வந்திருப்பேன்" என்றாள் ஈவ்லின். "ஆனா, அதக் காதுல கேட்டுட்டு வந்திருப்பேன்."