ரிப்பன் வெட்டப் போன இளவரசர்

இளவரசர் வசீகரனுக்குத் தலைப்பாகை இறுக்கியது. கழற்றி மடியில் வைக்கலாம் என்று கையைத் தூக்கினார். முன் சீட்டில் இருந்த நீக்கிலாப்பிள்ளை அதற்குள் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"கழட்டாதேங்கோ ஐயா. சனம் வாசலிலயே நிக்குது. இறங்கேக்க தலையில இருக்கவேணும்."

நீக்கிலாப்பிள்ளை ஒரு தமிழர் ஒன்றியத்தின் செயலாளர். கோயில் உபயகாரர் பட்டியலில் வசீகரனின் நீளமான பரம்பரைப் பெயரைப் பார்த்து, செம்மணற்பிட்டி அரச வம்சத்தின் கடைசி வாரிசு மொன்றியலில்தான் இருக்கிறார் என்று இருபது வருடங்களுக்கு முன் கண்டுபிடித்தவர் அவர்தான். அன்றைக்குத் தொடங்கியது தலையிடி. கிழமை நாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் விரிப்பு மடிக்கும் மனிதருக்கு, கிடைக்கிற இரண்டு லீவு நாளும் குத்துவிளக்கு, பொன்னாடை, ரிப்பன் என்று போயிற்று.

"நாலு மணிக்கு முதல் நான் டோர்வால் எயார்போட்டில நிக்கவேணும். மகள் வேலை கிடைச்சு வான்கூவருக்குப் போறாள். இனி எப்ப பாக்கிறனோ தெரியாது," என்றார் வசீகரன்.

"ரெண்டு மணிக்கு ரிப்பன், ரெண்டரைக்கு நீங்கள் காரில. என்ன ஜெறோம்?"

"ஓம். ஐயாவை நான் கொண்டுபோய் விடுறன்," என்றார் காரை ஓட்டிய ஜெறோம். கிழமை நாட்களில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். சனி, ஞாயிறு என்றால் கேட்காமலே வந்து இளவரசருக்குக் கார்க் கதவைத் திறந்துவிடுவார். இப்படி ஒரு விசுவாசமா என்று ஊரே மெச்சியது.

ஆற்றுக்கு அக்கரையில், லவாலில் ஞானாம்பிகையின் புதுச் சேலைக்கடை. ரிப்பன் கட்டியாயிற்று, கத்தரிக்கோல் தட்டில் தயார். ஞானாம்பிகையின் மகனை மட்டும் காணவில்லை. பாலத்தில் வீதி வேலையாம், கார் அசையவில்லையாம்.

"அவன் வராமல் வெட்டேலாது ஐயா. வீடியோவில அவனும் நிக்கவேணும்," என்றார் ஞானாம்பிகை.

வேறென்ன செய்வது? இளவரசர் அலங்கார நாற்காலியில் குந்தியிருந்தார். இருபது நிமிடம் போயிற்று. நாற்பது நிமிடம் போயிற்று. யாரோ ஒரு குழந்தையை அவர் மடியில் வைத்துப் படம் எடுத்தார்கள், அது பொன்னாடையை நனைத்துவிட்டுச் சிரித்தது.

போன் அடித்தது. மகள் நிருஷா.

"அப்பா, எங்க நிக்கிறீங்கள்?"

"வெளிக்கிட்டிட்டன் பிள்ளை. வந்துகொண்டிருக்கிறன்," என்று வாய் கூசாமல் பொய் சொன்னார்.

மூன்றே காலுக்கு ஞானாம்பிகையின் மகன் வந்து சேர்ந்தான். ரிப்பனை ஒரே வெட்டில் வெட்டிவிட்டு வாசலைப் பார்த்து நடந்த இளவரசரின் கையில் மைக்கைத் திணித்தார் நீக்கிலாப்பிள்ளை.

"வம்சத்தைச் சொல்லுங்கோ ஐயா. சனம் அதைத்தானே கேக்க வந்தது."

வசீகரன் வேகமாகச் சொல்லத் தொடங்கினார். மூன்று அரசர்கள் சரியாக வந்தார்கள். நான்காமவர் பெயர் தொண்டைக்குள் நின்றுவிட்டது. எத்தனை வருடம் பாடமாக்கினாலும் அந்த இடத்தில் அவருக்குச் சறுக்கும்.

பின்னால் பொன்னாடைகளை ஏந்திக்கொண்டு நின்ற ஜெறோம் தலையைத் தூக்காமலே முணுமுணுத்தார்.

"எதிர்மாப்பாணர். அவற்ற தம்பி இளமாப்பாணர்."

"பாருங்கோவன், கேட்டுக் கேட்டு டிரைவருக்கும் பாடம்," என்று நீக்கிலாப்பிள்ளை சிரித்தார். சனமும் சிரித்தது. இளவரசர் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினொரு அரசர்களையும் ஒப்புவித்து முடித்தார். அதன் பிறகு படம் எடுக்க வரிசை கட்டினார்கள். அந்த வரிசைக்கு முடிவே இல்லை.

நாலு மணி தாண்டி மறுபடி போன் வந்தது.

"நான் உள்ளுக்குப் போறன் அப்பா. பரவாயில்லை, நீங்கள் எப்பவும் பிஸிதானே."

அவள் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் "பரவாயில்லை" நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வர, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்து காரில் ஏறினார். ஜெறோம் ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். நீக்கிலாப்பிள்ளை இன்னும் கடைக்குள் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வசீகரன் தலைப்பாகையைப் பிடுங்கிப் பின் சீட்டில் எறிந்தார்.

"போதும். இனி ஒரு ரிப்பனும் வெட்டமாட்டன். வாற ஞாயிறு கோயில் மைக்கில சொல்லப் போறன், எனக்குப் பட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் எண்டு."

ஜெறோமின் முகம் வெளிறிப்போயிற்று.

"விசர்க் கதை கதைக்காதை. நீ விட்டால் அவங்கள் விடுவாங்களே? அடுத்த வாரிசு ஆரெண்டு கிண்டத் தொடங்கிவிடுவாங்கள்."

"கிண்டட்டும். பெத்த பிள்ளையை வழியனுப்ப விடாத பட்டம் எனக்கு என்னத்துக்கு? ஒரு நாளைக்காவது நீங்கள் அந்த நாற்காலியில இருந்து பாருங்கோவன் அண்ணை, அப்ப தெரியும்."

ஜெறோம் கடை வாசலை ஒருதரம் பார்த்தார். பிறகு கார்க் கண்ணாடியை முழுதாக ஏற்றினார்.

"அதுக்குப் பயந்துதானே தம்பி, அண்டைக்குக் கொழும்பில வைச்சு என்ர பெயரையும் பாஸ்போட்டையும் உனக்குத் தந்தனான்."