பம்பர் பொருத்தம்

“இந்தக் கர்மத்த எவன் தம்பி மாட்டச் சொன்னான் உனக்கு?”

பெண் பார்க்க வந்த பையனிடம் சந்திரமோகன் கேட்ட முதல் கேள்வி இதுதான். பேர் என்ன, ஊர் என்ன, சம்பளம் என்ன, ஒன்றும் இல்லை. ‘வாங்க’ என்றுகூடச் சொல்லவில்லை. பூவரசனின் பழைய பியட் கார் வாசலில் வந்து நின்றதும், நேராக அதன் முன்னால் போய்க் குனிந்துவிட்டார்.

பையனின் அம்மா கண்ணம்மாள் பயத்தோடு மகனைப் பார்த்தாள். பாலக்கோட்டிலிருந்து நல்லம்பள்ளி வந்து சேரும்வரை மகனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “டேய், அந்த வூட்டுல போயி காரப் பத்தி வாயத் தொறக்காத. அந்த மனுசனும் பழைய கார் பைத்தியமாம்!”

பயப்படக் காரணம் இருந்தது. மகள் யுவராணிக்கு வந்த வரன்களை எல்லாம் சந்திரமோகன்தான் விரட்டியடித்தார் என்று தரகர் சொல்லியிருந்தார். தான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய பையனை ‘முதுகெலும்பு இல்லாதவன்’ என்றாராம். எதிர்த்துப் பேசி ஜெயித்தவனை ‘திமிர் பிடித்தவன்’ என்றாராம். பூவரசனோ தரகர் போட்டோவைக் காட்டிய நிமிடத்திலிருந்து, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

“பம்பருக்கு என்னாங்க குறை?” என்றான் பூவரசன். வாயைத் திறந்தேவிட்டான்.

“குறையா? இது முதல்ல வந்த மாடலு. இதுக்கு மெல்லிசா, பளபளன்னு ஒரு குரோம் பம்பர் இருக்கும். நீ மாட்டி வச்சிருக்கறது பின்னால வந்த வண்டியோட தடியன். சின்னப் புள்ளைக்கு அப்பன் செருப்ப மாட்டிவுட்ட மாதிரி இருக்குது!”

“இருந்துட்டுப் போவட்டுங்க. நான் தக்காளி மண்டி வச்சிருக்கேன். அங்க டிராக்டர்காரங்க பின்னால பாக்காம ரிவர்ஸ் எடுப்பாங்க. மெல்லிசு பம்பர்னா அப்பளம் மாதிரி நொறுங்கிடும். தொப்பூர் கணவாயில லாரிங்க எப்புடி உரசிக்கிட்டுப் போவுது, பாத்திருக்கீங்களா?”

“தொப்பூர்ல லாரி மோதுனா எந்த பம்பர் தம்பி தாங்கும்? வண்டியோட சேத்து உன்னையும் வழிச்சுத்தான் எடுக்கணும்!”

“ஐயோ அண்ணா, நல்ல காரியம் பேச வந்த எடத்துல...” என்றாள் கண்ணம்மாள். யார் காதிலும் விழவில்லை.

“நீங்க உள்ள வாங்கம்மா. இவரு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு” என்று பெண்ணின் அம்மா ராணியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். உள்ளே தட்டில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

யாரும் வீட்டுக்குள் வருவதாக இல்லை என்று தெரிந்ததும், யுவராணி காபித் தட்டை வாசலுக்கே கொண்டுவந்தாள். பட்டுப்புடவை, குனிந்த தலை. “அப்பா, காபி ஆறுதுங்க.”

“இரும்மா, இது முக்கியம்” என்ற சந்திரமோகன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார். “போல்ட்டெல்லாம் புதுசா இருக்குது?”

“ஆமாங்க. இப்பத்தான் மாட்டுனது.” பூவரசன் பிளாஸ்திரி சுற்றிய விரலால் தலையைச் சொறிந்தான்.

“மெனக்கெட்டு வண்டியக் கெடுத்திருக்க! இங்க குந்திப் பாரு. இந்தக் கனத்துக்கு முன்பக்கம் எப்புடி அமுங்கி நிக்குது! ஸ்பிரிங்கு என்னாத்துக்கு ஆவும்?”

பூவரசன் குந்திப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். எழுந்தபோது அவன் முகம் தொங்கியிருந்தது.

“ஸ்பிரிங்க நான் யோசிக்கவே இல்லீங்க மாமா. நீங்க சொல்றதுதான் சரி. அந்தப் பழைய பம்பரையே தேடிப் புடிச்சு மாட்டிடறேன்.”

சந்திரமோகனின் மீசை துடித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ராணி! மாப்பிள்ளைக்குச் சூடா வேற பஜ்ஜி போடு! எதுத்து நின்னு பேசறாரு, நியாயத்தச் சொன்னா ஒத்துக்கவும் செய்யறாரு. இந்த மாதிரி ஒரு புள்ளையத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்!”

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அடுத்த அரைமணியில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். கண்ணம்மாள் சந்தோஷத்தில் அழுதுகொண்டே நான்காவது பஜ்ஜியைத் தின்றாள்.

“ஆனா மாப்ளே, அந்தப் பழைய பம்பர் லேசுல கெடைக்காது. அலையணும்” என்றார் சந்திரமோகன்.

“உங்களுக்காக எவ்வளவு வேணா அலையறேங்க மாமா.”

மாமாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “சரி, பொண்ணும் பையனும் தனியா ரெண்டு வார்த்த பேசிக்கட்டும். மொதத் தடவ, கூச்சமா இருக்கும்” என்று எல்லாரையும் உள்ளே அழைத்துப் போனார்.

இருவரும் காருக்கு அருகே வந்து நின்றார்கள். யுவராணி அந்தத் தடித்த பம்பரை விரலால் தட்டிப் பார்த்தாள்.

“ஒரிஜினல எங்கடா வச்சிருக்க?”

“மண்டியில சாக்குல சுத்தி வச்சிருக்கேன். நீ போன்ல சொன்னதும் அதக் கழட்டிட்டு, பிரெண்டுகிட்ட இந்தத் தடியன இரவல் வாங்கி மாட்டறதுக்குள்ள விரலே போச்சுடி!”

“போனாப் போவுது. எதுத்துப் பேசித் தோக்கறவனத்தான் எங்கப்பாவுக்குப் புடிக்கும்னு காலேஜ்லருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்ல?”