தனி லைன்

"வந்துட்டீங்களா? போன் பண்ணிப் பண்ணியே என் விரல் தேஞ்சுபோச்சு" என்றபடி உபகாரமேரி கேட்டைத் திறந்தாள்.

"தியாகதுருகம் வரைக்கும் நான் ஒருத்தன்தானே ஓடிக்கினு இருக்கேன்" என்று வயர்மேன் எட்வின் டூல்ஸ் பையை இறக்கிவைத்தார்.

கார் ஷெட்டில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நின்றது. சமையலறை ஜன்னல் வழியாக இழுத்த ஒயர், ஈரத்தரையில் கிடந்தது.

"மெயின்லேர்ந்து தனி லைன் வேணும். எர்த் குடுக்கணும். கரண்ட் கசிஞ்சா உடனே ஆஃப் ஆவுற டிரிப் சுவிட்ச் வேணும். பிளக் நாலடி உயரத்துல இருக்கணும்."

"ஒரு ஷெட்டுக்கு இவ்ளோவா? ரெண்டு நாள் ஆவும்மா."

"போன வாரம் மழைத்தண்ணியில நின்னுக்கினு சார்ஜரைப் புடுங்கும்போது பாப்பாவுக்கு ஷாக் அடிச்சுடுச்சு."

எட்வினின் முகம் மாறியது. "சொல்லவே இல்லியே?"

"நின்னு கேக்க உங்களுக்கு ஏது நேரம்?"

அவர் முதல் வேலையாக அந்த ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். பிறகு எர்த்துக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த லிடியா, ஷெட்டைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"அப்பா! இன்னா இந்நேரத்துல வூட்டுல இருக்கீங்க? வேலைக்குப் போகலியா?"

"வேலைக்குத்தான் வந்திருக்காரு" என்றாள் உபகாரமேரி. "நேத்து அவரு கடைக்குப் போன் போட்டு, கஸ்டமர்னு பேரு பதிஞ்சேன். கஸ்டமர்னா சொன்ன நேரத்துக்கு வந்துடறாரே உங்க அப்பா!"

எட்வின் மகளின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கும் இந்த வூட்டுலதான் வேலை" என்றார்.